ஏழு மோட்டார், ஒரு காலண்டர்

“எங்க வூட்டு முக்குல இருக்கிற மாவு மெசினே நாலு நிமிசம் சேர்ந்தாப்ல ஓட மாட்டேங்குது. இது அஞ்சு மணி நேரம் நிக்காம ஓடணுமாம். ஆவற கதையாம்மா இது? அதுவும் உன்ன நம்பி?”

எங்கள் துறைத்தலைவர் கம்ப்யூட்டர் அறையின் வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டார். உள்ளே வருவதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றும் அளவுக்கு அந்த அறையை அவர் மதித்ததில்லை.

“ஓடும் சார்” என்றேன். எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிக் கேட்டால் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பென்னாகரம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால் எங்கள் வீடு. அப்பா ரேடியோ செய்தியை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வார்; எழுத்து தெரியாது. அம்மா பஸ்ஸின் நிறத்தை வைத்து ஊர் கண்டுபிடிப்பாள். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்து, தருமபுரிக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கும் பாலிடெக்னிக்கில் தற்காலிக ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். இதைப் பணிவாகச் சொல்ல ஒரு வழி இருக்கலாம். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற ஆதார நிரலை ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். விலைக்கு வருகிற பலவற்றில் அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் காட்டமாட்டார்கள். எங்களிடம் இருந்தது அப்படிப்பட்டதல்ல. எழுதியவர்களே ஒவ்வொரு வரியையும் திறந்து கொடுத்திருந்தார்கள்: படித்துக்கொள்ளுங்கள், திருத்திப் பாருங்கள் என்று. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களில் இருந்த மூன்று கல்லூரிகளும் அதையே வாங்கி ஆளுக்கொரு திருத்தம் செய்துகொண்டிருந்தன. ஆனால் வரிகளைத் திருத்தினால் மட்டும் போதாது. அத்தனையையும் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி, துண்டு துண்டாக வந்ததை ஒன்றாகக் கோத்து, புது பிளாப்பித் தகட்டில் ஏற்ற வேண்டும். அதைத்தான் நாங்கள் ‘கட்டுவது’ என்போம். கட்டுவதற்கு ஹார்டு டிஸ்க் வேண்டும். நான்கு கல்லூரிகளில் எங்களிடம் மட்டும்தான் அது இருந்தது. ஆகவே அவர்கள் திருத்தத்தை அனுப்புவார்கள், நாங்கள் கட்டி, ஓடுகிற பிளாப்பியாகத் திருப்பி அனுப்புவோம் என்று ஏற்பாடு. ஒரு முறை முழுதாகக் கட்ட ஐந்து மணி நேரம்.

ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டவர் துறைத்தலைவர். அது என் மேசைக்கு வந்ததற்குக் காரணம், மற்ற யாரும் தங்கள் மேசையில் வேண்டாம் என்றதுதான். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பொங்கல் விடுமுறைக்குள் மூன்று ஊருக்கும் அவரவர் திருத்தத்தோடு ஓடுகிற பிளாப்பி போகவேண்டும். போகாவிட்டால் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டர் சேலத்துக்குப் போய்விடும். அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டர் போனால் அதற்காகவே வைத்த என் வேலையும் போகும்.

கார்த்திகைக் கடைசியில் கட்ட ஆரம்பித்தேன். ஒரு முறைகூட முடியவில்லை. காலையில் ஆரம்பித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயராக நகர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று பக்கத்திலிருக்கும் ஸ்டெபிலைசர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். திரை இருண்டு, கம்ப்யூட்டர் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எழுந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, இன்று என்ன தேதி, மணி என்ன என்பது. அணைந்தால் அதற்கு நாள் கிழமை ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு முறையும் நாம்தான் சொல்ல வேண்டும். எதிர்ச் சுவரில் துணிக்கடைக்காரர்கள் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்துத் தேதியையும், கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியையும் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்; கல்லூரி மூடுவதற்குள் ஒன்று நேரம் போதாது, இல்லையென்றால் மின்சாரம் போய்வந்து இன்னொரு ‘டக்’.

“நீ எதையோ தப்பாத் தட்டறம்மா” என்றார் துறைத்தலைவர் வாசலிலிருந்தே.

தினமும் முதலில் நின்ற நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதல் வாரம் பத்து மணியை ஒட்டியே நின்றது. அடுத்த வாரம் பத்து மணியைச் சிரித்துக்கொண்டே தாண்டியது. இரண்டு மணிக்கு நின்றது. இதில் ஏதோ ஒழுங்கு இருப்பது தெரிந்தது. அது கம்ப்யூட்டரின் ஒழுங்காகத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது கிணற்றடியில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“மோட்டார யாருப்பா போட்டது?”

“யாரு போடறது? ரப்பரு போடுது.”

சிறு வயதிலிருந்து பார்த்ததுதான், யோசித்ததில்லை. எங்கள் பக்கத்தில் விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். வரும்வரை கிணற்றடியில் காத்திருக்க யாருக்கு நேரம்? சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி மாட்டிவிடுவார்கள். மின்சாரம் வந்த நொடியில் மோட்டார் தானே ஓடும். ஒருவர் மட்டுமா மாட்டுகிறார்? எல்லாரும்தான்.

“தெனமும் ரெண்டு மணிக்கா வருது?”

“இந்த வாரம் ரெண்டு மணி மொறை. போன வாரம் பத்து. நாளையிலிருந்து மறுக்கா பத்து. உனக்கு எதுக்கு இதெல்லாம்? நீதான் படிச்சுட்டியே!”

கையைத் துடைக்காமல் உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். பத்து, பத்து, பத்து. இரண்டு, இரண்டு, இரண்டு. அம்மா, “சோத்துக் கையோட புஸ்தகத்தத் தொடாத” என்று கத்தினாள்.

திங்கட்கிழமை மதியம் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி போகும் வழியே நடந்தேன். ஏழு கிணறுகள். ஏழு மோட்டார்களும் ஒரே நொடியில் எழுந்தால் எங்கள் அறையின் மின்சாரம் அப்படியே துவண்டுவிடும். முதல் கிணற்றடியில் ஒரு அக்கா தக்காளிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். கையில் நோட்டோடு என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ரப்பரைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“யாருங்க? கரண்டு ஆபீசா?”

“இல்லீங்கக்கா, பாலிடெக்னிக்குங்க. உங்க மோட்டாரெல்லாம் ஒண்ணா எந்திரிக்கறப்ப எங்க மெசின் சாவுதுங்க.”

“எங்க மோட்டாரு ஓடாட்டி எங்க தக்காளி சாவுது. எது பெருசு?”

“ரெண்டும் சாவ வேணாம்னுதான் வந்தேங்க.”

“அப்பிடி என்னத்த அரைக்குது உங்க மெசினு?”

“எழுத்த அரைக்குதுங்க.”

“அரைச்சு?”

“வேற ஊருல படுத்துக் கெடக்கற மெசின எந்திரிச்சு உக்கார வெக்குதுங்க.”

அவள் திரும்பி, வரப்பில் இருந்த ஓரகத்தியிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான். பரவாயில்லை, சிரிக்கிறவர்களிடம் பேச்சை வளர்க்கலாம்.

“போன மாசம் டிரான்ஸ்பார்மர்ல பியூசு எத்தன தடவ போச்சுங்கக்கா?”

“அத ஏன் கேக்கற? மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் லைன்மேன் வர ரெண்டு நாளு.”

“ஏழும் ஒண்ணா எந்திரிச்சா போவாம என்ன பண்ணும்? ஒண்ணு ஓடி, அப்பறம் ஒண்ணு ஓடினா பியூசும் தங்கும், எங்க மெசினும் ஓடும்.”

“தெரியாமலா இருக்கோம்? கடைசி ஆளு யாருன்னு கேட்டுப் பாரு. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்.”

சிக்கல் மின்சாரத்தில் இல்லை, வரிசையில் இருந்தது. அதற்குப் பதில் நான் எந்தக் கல்லூரியிலும் படித்ததல்ல. எங்கள் கிணறு பெரியப்பா வீட்டோடு கூட்டுக் கிணறு. முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம்.

“கூட்டுக் கெணத்துல மொறை வெக்கிற மாதிரி வெச்சுக்கலாங்க. இந்த வாரம் மொத ஆளு, அடுத்த வாரம் கடைசி ஆளு. பக்கத்துக் கெணத்துத் தண்ணி தொட்டியில விழற சத்தம் கேட்டப்பறம் அடுத்தவங்க பொத்தான அமுக்கணும். அவ்வளவுதான்.”

அக்கா யோசித்தாள். “ஆயித்து” என்றாள் கன்னடத்தில், சரி என்று. பிறகு தமிழில், “ஆனா மொத வாரம் நாங்கதான் மொதல்ல.”

மற்ற ஆறு கிணற்றுக்கும் அவளே என்னை அழைத்துப் போனாள். நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவள் நாலு சொன்னாள். நாலாவது கிணற்றுக்காரர், “பொட்டப் புள்ளைங்க ரெண்டு பேரு வந்து மொறை சொல்றீங்களா?” என்று கேட்டார். “பியூசு போனா நீ கம்பத்துல ஏறறியா?” என்று அக்கா கேட்டாள். அவர் ரப்பரைக் கழற்றினார்.

அந்த வாரத்திலேயே முதன்முதலாக ஐந்து மணி நேரமும் ஓடி முடிந்தது. எங்கள் துறையைக் கூட்டிப் பெருக்கும் அக்காதான் அதற்குச் சாட்சி. “என்ன டீச்சரு, பொட்டியப் பாத்துச் சிரிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு அவளும் திரையைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவைத்தாள்.

மார்கழியில் கிருஷ்ணகிரித் திருத்தம் வந்தது, பிறகு சேலத்துத் திருத்தம். இரண்டையும் கட்டி அனுப்பினேன். இரண்டும் அங்கே ஓடின. பாக்கி ஓசூர் மட்டும்தான்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை எல்லாவற்றையும் புதிதாக ஒரு முறை கட்டிவைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அன்று இரண்டு மணி முறை. கிணற்றுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் தக்காளியை மாரண்டஹள்ளிச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போகும்போது பழைய பழக்கத்தில் ரப்பரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மணிக்கு ‘டக்’. எரிச்சலோடு எழுந்து காலண்டரைப் பார்த்துத் தேதியைத் தட்டி, மணியைத் தட்டி, அதற்குள் கற்றுக்கொண்டிருந்தபடி, முதலிலிருந்து இல்லாமல் விட்ட இடத்திலிருந்து கட்டச் சொன்னேன். மூன்றரைக்கு முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஓசூர்த் திருத்தம் தபாலில் வந்தது. அவர்கள் பிரிண்டர் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை அச்சடிக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தது, அதற்கான திருத்தம். மொத்தம் பதினோரு வரி. உள்ளே சேர்த்துவிட்டுக் கட்டச் சொன்னேன். ஒரு கோப்பு மட்டும் மாறியிருந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றி, மற்றதை அப்படியே வைத்துக் கோத்துவிடும். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. பிளாப்பியில் ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்து, பதினோரு மணிக்கெல்லாம் ஓசூர் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். மதியம் முழுக்க எனக்குள் ஒரு மேளச் சத்தம்.

புதன்கிழமை போன் வந்தது. ஓசூர் விரிவுரையாளர் சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

“பிளாப்பி அருமையா எந்திரிக்குதும்மா. ஆனா எங்க திருத்தத்த மட்டும் காணோம். பாலக்கோட்டுலயே எறங்கிடுச்சுங்களா?”

போன் துறைத்தலைவர் மேசையில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை வைத்ததும், “சனிக்கெழமயிலிருந்து லீவு. சேலத்துக்கு லெட்டர் தயார் பண்ணட்டுமாம்மா?” என்றார். கேலியாக இல்லை. அதுதான் சுட்டது.

“ரெண்டு நாளு குடுங்க சார்.”

உள்ளே போய்த் திறந்து பார்த்தேன். பதினோரு வரியும் இருந்தன, ஒரு புள்ளி தவறாமல். பிறகு ஏன் சேரவில்லை? ஒவ்வொரு துண்டும் கட்டப்பட்ட நேரத்தைத் திரையில் வரவழைத்தேன். பிரிண்டர் துண்டு திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கட்டப்பட்டதாகச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

நடக்காத மூன்று மணி எங்கிருந்து வந்தது? நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். “அக்கா, போன சனிக்கெழம காலண்டர்ல எத்தன தாளு கிழிச்சீங்க?”

“ரெண்டு. எப்பவும் ரெண்டுதானுங்க.”

“ரெண்டா? எப்ப கிழிச்சீங்க?”

“மத்தியானம், கூட்டிட்டுப் போறப்ப. ஞாயித்துக்கெழம நான் எங்க வரது? திங்கக்கெழம காலையில பழைய தேதி தொங்கினா உங்க சாரு என்னத்தான் பேசுவாரு.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தச் சுவரில் திங்கட்கிழமை வந்துவிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்த நான், கிழமையைப் படிக்காமல் தேதியை மட்டும் படித்து, கம்ப்யூட்டருக்கும் சொல்லிவிட்டேன். அது நம்பிவிட்டது. உண்மையான திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நான் திருத்தியபோது, ‘என்னிடம் இருக்கும் துண்டு மூன்று மணிக்குக் கட்டியது, இந்தத் திருத்தம் அதற்கு முந்தையது, பழசு’ என்று ஓசூர்க்காரர்களின் பதினோரு வரியை ஒதுக்கிவிட்டது. கணிதத்தில் பட்டம் வாங்கியவள் கிழமை பார்க்கவில்லை. இதையும் நான்தான் எழுதவேண்டும்.

வழி ஒன்றுதான். கட்டிய துண்டுகள் அத்தனையையும் அழித்துவிட்டு, சரியான தேதியோடு முதலிலிருந்து ஐந்து மணி நேரம். வியாழக்கிழமை. பத்து மணி முறை.

காலை எட்டு மணிக்கே கிணறுகளுக்குப் போனேன். தக்காளி அக்கா தூரத்திலேயே கையைத் தூக்கித் தலையைக் காட்டினாள். “பாரு பாப்பா, ரப்பரு எங்க இருக்குதுன்னு!” கொண்டையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். சந்தைக்குப் போன நாலு பேரையும் அவளே விசாரணை முடித்து வைத்திருந்தாள்.

ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். பத்தாகும்போது துறைத்தலைவர் வாசலில் வந்து நின்றார். ஸ்டெபிலைசர் ஒரு முறை மெல்ல முனகியது. விளக்கு ஒரு கண் சிமிட்டியது. திரை நிற்காமல் ஓடியது.

“ஒண்ணு” என்றேன்.

“என்னம்மா எண்ற?”

“மோட்டாருங்க சார். ஏழு இருக்குது.”

இரண்டு. மூன்று. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நீண்ட நேரம் ஆனது. அந்த வாரம் ஐந்தாவது முறை வந்த கிணற்றுக்காரர் கோவிலுக்குப் போகிறவர் மாதிரி நிதானமானவர். ஆறு. ஏழாவது சிமிட்டலைத் துறைத்தலைவரே எண்ணினார். “ஏழு ஆச்சாம்மா?” என்று கேட்டுவிட்டு மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல் நின்றார். செருப்போடு வாசலுக்கு வெளியேதான். ஆனாலும் நின்றார்.

இரண்டு மணிக்குக் கட்டி முடிந்தது. இந்த முறை யார் கையிலும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பிளாப்பியை நோட்டுக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டு நானே ஓசூருக்குப் போனேன். பாலக்கோட்டில் ஏறிய ஒருவர் தக்காளிக் கூடையை என் மடியில் வைக்கப் பார்த்தார். “அய்யோ, மடியில ஓசூருங்க!” என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கூடையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

ஓசூரில் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே ஒரு பக்கத்தை அடித்தது. எல்லாரும் குனிந்து அடி ஓரத்தைப் பார்த்தோம். கடைசி வரி இருந்தது. விரிவுரையாளர் அந்தத் தாளைக் கிழித்து என்னிடமே கொடுத்துவிட்டார். மாலையில் அதைத் துறைத்தலைவர் மேசையில் வைத்தேன். கீழ் வரியை மட்டும் படித்தார். “சேலத்துக்கு லெட்டர் எழுத வேணாம்” என்று எழுத்தரிடம் சொன்னார். எனக்குக் கேட்டது போதும்.

பொங்கலுக்குப் பிறகு இரண்டு சட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் அறைக் காலண்டரில் நான் மட்டும்தான் தாள் கிழிப்பேன், காலையில் மட்டும். “அப்ப அந்த ரூம நீங்களே கூட்டிக்கோங்க டீச்சரு” என்றாள் அக்கா. அவளைச் சமாதானப்படுத்த வெளித் தாழ்வாரத்துக்குத் தனியாக ஒரு காலண்டர் வாங்கி மாட்டினேன். அதில் அவள் இஷ்டம். இரண்டாவது சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கே போட்டேன். கடைசியாக ஓடிய தேதியை டிஸ்கில் எழுதிவைத்துக்கொண்டு, நாம் சொல்லும் தேதி அதைவிடப் பின்னால் போனாலோ, ஒரே தாவலாக முன்னால் போனாலோ, “நிச்சயமாகவா?” என்று ஒரு தடவை கேட்கும்படி நிரலில் சில வரி சேர்த்தேன். அது மூன்று ஊருக்கும் போயிற்று. எங்கள் கல்லூரியிலிருந்து போன முதல் திருத்தம். எழுதியது நான்.

இப்போது அரூரில் ஒரு கல்லூரிக்கும் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கட்டும் வேலையை இரண்டு இடத்தில் பிரித்துக்கொள்ளலாம், வந்து அமைத்துக் கொடுக்க முடியுமா என்று கடிதம் வந்தது. துறைத்தலைவர் வாசலில் நின்றுகொண்டு, “ரெண்டு ஊரையும் நீ ஒருத்தியே பாத்துக்குவியாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் ஏற்கெனவே ஒரு முறை போய்வந்துவிட்டிருந்தேன்.

அங்கே பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. முதலில் கட்டடத்துக்குப் பின்னால் போய்க் கம்பி வழியே நடந்தேன். ஒன்பது கிணறுகள். ஆறு பேரிடம் பேசியாகிவிட்டது.